குளம் பச்சையானால் மேலே உள்ள தோட்டத்தைப் பாருங்கள்: மலைக்காய்கறி நிலங்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

உதகை, குந்தா, கோத்தகிரி வட்டாரங்களில் உருளை, கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் விளையும் சரிவுகளுக்குக் கீழே ஓர் ஓடையோ தடுப்பணையோ நீர்த்தேக்கமோ இருந்தே தீரும். அந்தத் தண்ணீர் கலங்கினாலும் பச்சை பிடித்தாலும் பலர் தண்ணீரோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்: பாசியை அள்ளுகிறார்கள், மருந்து கரைக்கிறார்கள், தூர் வாருகிறார்கள். கோளாறு தொடங்கியதோ மேலே, மழைக்கு முன் உழுது போட்ட தோட்டத்தில். கீழே தெரியும் அறிகுறியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போய்க் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கான வழிமுறை இது. சரிவும் பயிரும் ஒத்திருப்பதால் கொடைக்கானல் மேல்மலைக்கும் இலங்கையின் நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒரு கணக்கு

மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், தண்ணீரில் கரைந்து திரிவதைவிட மண்ணைப் பற்றிக்கொண்டு இருப்பதே அதிகம். நீலகிரியின் அமிலச் செம்மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் நிறைந்திருப்பதால் பிடி இன்னும் இறுக்கம். போட்ட உரத்தில் பெரும்பகுதி பயிருக்கு எட்டாமல் மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் மலை உருளைக்கு எக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் 120:240:120 கிலோ என்று, தழைச்சத்தைப் போல் இரு மடங்கு மணிச்சத்தைப் பரிந்துரைக்கிறார்கள். எக்டேருக்கு 20 டன் கிழங்கு எடுத்தால் அதோடு வெளியே போகும் மணிச்சத்து சுமார் 25 முதல் 30 கிலோதான் (இரண்டும் உர மூட்டையில் எழுதும் P₂O₅ கணக்கு; கீழே வருவது வெறும் பாஸ்பரஸ் கணக்கு). மிச்சமெல்லாம் மேல்மண்ணில் போகத்துக்குப் போகம் சேர்கிறது.

அந்த மேல்மண் நகர்ந்தால் என்ன ஆகும்? ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மண் போனால் 4 கன மீட்டர், எடையில் சுமார் 5 டன். கிலோவுக்கு 800 மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ள மண் என்றால் போனது 4 கிலோ பாஸ்பரஸ். அதில் கால்பங்குதான் பாசிக்கு எட்டும் என்று வைத்தாலும் 1 கிலோ. தேங்கிய நீரில் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் அளவுக்குப் பாஸ்பரஸ் வந்தாலே பாசி பெருகத் தொடங்கும். 33,000 கன மீட்டர் தண்ணீரை அந்த அளவுக்கு ஏற்றிவிட 1 கிலோ போதும். 2 மீட்டர் ஆழமுள்ள 4 ஏக்கர் குளத்தின் கொள்ளளவு அது.

1 மில்லிமீட்டர் இறங்கியதை எந்த விவசாயியும் கண்ணால் பார்த்துவிட முடியாது. இன்னொன்று: மழை முதலில் தூக்கிப் போவது நுண்ணிய களியையும் மக்கையும். மணிச்சத்து அடர்ந்திருப்பதும் அவற்றில்தான். மணலும் கூழாங்கல்லும் பின்தங்கி நிற்கும். ஆகவே ஓடையில் போகும் மண், நிலத்தில் மிஞ்சும் மண்ணைவிடச் சத்தானது.

கையில் வேண்டியவை கொஞ்சம்தான்: மூடியுள்ள ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில்கள் பத்து, சமையலறை டிஜிட்டல் தராசு, 30 செ.மீ. இரும்புக் கம்பிகள், கொத்தனாரின் டியூப் லெவல், தூக்குக்குண்டு, கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கூறாக வண்ணமடித்த 20 செ.மீ. வட்டத் தகடு, நைட்ரேட் சோதனைத் தாள்.

அறிகுறி: மழை விட்டு நான்கைந்து நாளாகியும் செங்கலங்கல் தெளியவில்லை

ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து ஆடாமல் அசையாமல் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மூன்று மணி நேரத்தில் படிவது வண்டல். அதன் பிறகும் மேலே தொங்கிக்கொண்டிருக்கும் காவி நிறம் களி. அசையாத நீரில் 1 மீட்டர் இறங்க, 0.1 மி.மீ. மணல்துகளுக்கு இரண்டு நிமிடம், 0.01 மி.மீ. வண்டலுக்கு மூன்று மணி நேரம், 0.001 மி.மீ. களிக்குப் பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆகும். குளம் தெளியவில்லை என்றால் வந்து சேர்ந்தது களி. மணிச்சத்து அதில் ஏறி வந்திருக்கிறது.

எங்கிருந்து வந்தது என்று தெரிய, மழை பெய்துகொண்டிருக்கும்போதோ விட்ட அரை மணிக்குள்ளோ ஓடையை ஒட்டி மேலே நடக்க வேண்டும். மறுநாள் போனால் ஒன்றும் தெரியாது. வெள்ளத்தில் இறங்க வேண்டாம். கரையில் நின்று, கம்பில் கட்டிய குவளையால் மொண்டால் போதும்.

1. இரண்டு கிளைகள் சேரும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பாட்டில் பிடித்து, இடத்தை எழுதி ஒட்டுங்கள்.
2. எது அதிகச் சிவப்போ அந்தக் கிளையில் ஏறுங்கள். அடுத்த சந்திப்பில் இதையே திரும்பச் செய்யுங்கள்.
3. நிறம் சட்டென்று மாறும் இடத்தில் நில்லுங்கள். ஓடைக்குள் மண் இறங்கும் வாய் அங்கே இருக்கும்.
4. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சிட்டிகை படிகாரம் போட்டுக் கலக்கி, களி திரண்டு படிந்ததும் தெளிந்த நீரை வடித்துவிட்டு, படிவை வெயிலில் காயவைத்து எடை போடுங்கள்.

லிட்டருக்கு எத்தனை கிராமோ, கன மீட்டருக்கு அத்தனை கிலோ. 25 மி.மீ. மழையில் 40 சதவீதம் வழிந்தோடினால் ஓர் ஏக்கரிலிருந்து 40 கன மீட்டர் தண்ணீர் இறங்கும். பாட்டிலில் 10 கிராம் இருந்தால் அந்த ஒரு மழையில் மட்டும் 400 கிலோ மண் போயிருக்கிறது.

கலங்கலின் பெரும்பங்கு எல்லாத் தோட்டங்களிலிருந்தும் சமமாக வருவதில்லை. ஓரிரு வாய்கள்தான் காரணமாக இருக்கும்: நேற்று உழுத சரிவு, இடிந்த படித்தளம், நடுவில் நீர் ஓடும் வண்டிப்பாதை, சாலைச் சிறுபாலத்தின் தண்ணீர் நேராகக் கொட்டும் தோட்டம். கடைசியாகச் சொன்னதில் தோட்டக்காரர் மேல் பிழையில்லை. சாலை நீரைத் திருப்பாமல் அவர் என்ன வரப்பு போட்டாலும் நிற்காது.

இங்கே ஏமாந்துவிடக் கூடிய ஓர் இடம் உண்டு. ஓடைக் கரையே இடிந்து விழுந்தாலும் தண்ணீர் இதே சிவப்புதான். ஆனால் கரையின் ஆழமண்ணில் உரம் சேர்ந்திருக்காது; கலங்கல் வரும், பச்சை அவ்வளவாக வராது. நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், சந்தேகப்படும் இரண்டு இடத்து மண்ணையும் மண் பரிசோதனைக்குக் கொடுத்து மணிச்சத்தை ஒப்பிடுங்கள்.

அறிகுறி: மழையே இல்லாத நாளில் ஓடை சிவப்பாக ஓடுகிறது

கேரட் கழுவும் இடம் மேலே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈர மண்ணில் பிடுங்கிய கேரட் மூட்டையோடு தோட்டத்தின் மிகச் சத்தான மண்ணும் போகிறது. கழுவும்போது அது நேராக ஓடைக்குள். எவ்வளவு என்று தெரிய, 50 கிலோவைக் கழுவுவதற்கு முன்பும், கழுவி நீர் வடிந்த பின்பும் எடை போடுங்கள். வித்தியாசத்தை அன்றைய லோடால் பெருக்கிப் பார்த்தால் தெரியும்.

பிடுங்கியதும் தோட்டத்திலேயே உதறிவிடுவது முதல் வேலை. மண் கொஞ்சம் உலர்ந்த பின் பிடுங்கினால் உதறுவது எளிது. கழுவிய நீரை அடுத்தடுத்து மூன்று தொட்டிகளில் நிறுத்தி விடுங்கள். ஒவ்வொன்றிலும் நீர் மேல்விளிம்பு வழியாக மட்டுமே அடுத்ததற்குப் போக வேண்டும். அடியில் குழாய் வைத்தால் படிந்த மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மூன்று தொட்டிகளிலுமாக நான்கு மணி நேரமாவது தங்கினால் வண்டல் நின்றுவிடும். களி நிற்காது. ஆகவே கடைசித் தொட்டி நீரை ஓடைக்கு விடாமல், பம்பு வைத்துப் புல்வெளிக்கோ தோட்டத்துக்கோ திருப்ப வேண்டும்.

கழுவும் இடம் இல்லையென்றால் பொக்லைன் வேலை நடக்கிறதா, யாராவது தெளிப்பு நீரை அளவுக்கு மேல் ஓடவிடுகிறார்களா என்று பாருங்கள்.

அறிகுறி: செம்மை போய், இரண்டு மூன்று வாரத்தில் தண்ணீர் பச்சையாகிறது

களி படியப் படிய வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. மண்ணோடு வந்த மணிச்சத்து கரைந்து பாசிக்குப் போகிறது. ஒரு கிராம் பாஸ்பரஸால் சுமார் 100 கிராம் உலர்ந்த பாசி வளர முடியும். பெருமழை விட்டு வெயில் அடிக்கும் நாட்களில் பச்சை திடீரென்று பரவுவது இதனால்தான்.

எந்தப் பாசி என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஒரு குச்சியை விட்டு எடுங்கள். முடிபோல நூல் நூலாகத் தொங்கினால் இழைப்பாசி. அசிங்கமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் ஆபத்தில்லை. குச்சியில் பச்சை பெயிண்ட் பூசியதுபோல் ஒட்டினால் நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். கையுறை போட்டுக்கொண்டு ஒரு பாட்டிலில் முக்கால் அளவு பிடித்து, இரவு முழுக்கக் குளிரான இடத்தில் அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் சாதாரணப் பாசி. மேலே வளையமாக மிதந்தால் நீலப்பச்சைதான் என்று எடுத்துக்கொண்டு நடவடிக்கையில் இறங்குங்கள்: ஆடுமாடுகளையும் நாயையும் அந்தத் தண்ணீரில் விடாதீர்கள், குழந்தைகளை இறங்கவிடாதீர்கள், குடிநீருக்கு எடுப்பதை நிறுத்துங்கள். அதன் நஞ்சு கொதிக்கவைத்தால் போகாது.

மயில்துத்தம் கரைக்காதீர்கள். பாசி செத்து வெடிக்கும்போது உள்ளே இருந்த நஞ்சு மொத்தமாகத் தண்ணீரில் கலக்கிறது. செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து மீனும் சாகிறது. அதிலிருந்த மணிச்சத்தோ குளத்தைவிட்டு எங்கும் போகவில்லை. அடுத்த பாசிக்கு உணவாகக் காத்திருக்கிறது.

அறிகுறி: விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன

பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் தானே எடுத்துக்கொள்ளும். அதனால் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது சூரியன் எழும் நேரத்தில். நண்பகலில் அளந்துவிட்டு "எல்லாம் சரி" என்று திரும்பினால் தவறு. காலை ஆறு மணிக்கு முன் அளக்க வேண்டும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீனுக்குச் சிரமம் தொடங்கிவிட்டது.

உடனே செய்ய வேண்டியது, பம்பால் குளத்து நீரையே மேலே பீய்ச்சி மீண்டும் குளத்தில் விழச் செய்வது. தீவனத்தை நிறுத்துங்கள். சாணமோ உரமோ போடாதீர்கள். வட்டத் தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள்: 20 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே மறைந்துவிட்டால், மேகம் மூடிய இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் வந்தாலே குளம் முழுக்க மீன் மிதக்கும் அபாயம் உண்டு. இது அவசர சிகிச்சை மட்டும். நோய் மேலே இருக்கிறது.

அறிகுறி: தோட்டத்தில் விரல் அகலக் கோடுகள் கீழ்நோக்கி ஓடுகின்றன, கிழங்கு வெளியே தெரிகிறது

உருளைக்குப் பாரை, அதாவது மண் அணைத்த மேட்டு வரிசையை, சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் பிடித்திருப்பார்கள். அதற்குக் காரணமும் உண்டு: தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும், ஈரம் தங்கினால் இலைக்கருகல் பரவும். இந்தப் பயத்தைத் தீர்க்காமல் "பாரைக் குறுக்கே போடுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை.

முதலில் எவ்வளவு போகிறது என்று அளந்துவிடுங்கள். ஒரு கோட்டின் அகலம், ஆழம், நீளத்தைப் பெருக்கினால் போதும். 10 செ.மீ. அகலம், 8 செ.மீ. ஆழம், 30 மீட்டர் நீளம் என்றால் 0.24 கன மீட்டர், சுமார் 300 கிலோ. அப்படி எத்தனை கோடுகள் என்று எண்ணுங்கள். கோடே விழாமல் பரவலாக அரிக்கும் இடத்தில், பாருக்கு வெளியே உழவு படாத ஓரங்களில் இரும்புக் கம்பிகளை 10 செ.மீ. வெளியே தெரியும்படி அடித்து, போக முடிவில் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கலாம்.

சரிசெய்யும் முறை, முழுமட்டமாகக் குறுக்கே போடாமல் மெல்லிய சாய்வோடு குறுக்கே போடுவது. 200 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சாய்வு போதும். களி மிகுந்து நீர் நிற்கும் இடத்தில் 100-க்கு 1 வரை போகலாம். இதற்கு ஏ வடிவச் சட்டம் ஒன்றைத் தோட்டத்திலேயே செய்துவிடலாம்:

1. இரண்டு மூங்கில்களை உச்சியில் கட்டி, கால்கள் சரியாக 2 மீட்டர் விரியும்படி குறுக்குக் கட்டை அடியுங்கள். உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கட்டும்.
2. இரண்டு முளைகள் மேல் நிறுத்தி, குறுக்குக் கட்டையில் நூல் படும் இடத்தைக் குறியுங்கள். சட்டத்தைத் திருப்பி, கால்களை இடம் மாற்றி வைத்து மீண்டும் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே உள்ளதுதான் மட்டம்.
3. நீர் வடிய வேண்டிய பக்கத்துக் காலின் அடியில் 1 செ.மீ. கட்டை ஒன்றை ஆணியடித்துச் சேருங்கள். இப்போது நூல் நடுக்குறியில் நிற்கும்போதெல்லாம் தரை 200-க்கு 1 இறங்குகிறது.
4. சட்டத்தை நடக்கவைத்துக்கொண்டே ஒவ்வொரு காலடிக்கும் முளை அடியுங்கள். 10 மீட்டருக்கு ஒரு முறை நின்று, வரிசை கோணலாகத் தெரிந்தால் ஓரிரு முளைகளை நகர்த்திச் சீராக்குங்கள்.

இந்தக் கோட்டை ஒட்டிப் பார் பிடியுங்கள். ஒரு சால் (இரண்டு பாருக்கு நடுவே நீர் ஓடும் பள்ளம்) 40, 50 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. அதற்குள் அது ஒரு புல் வடிகாலில் இறங்கியாக வேண்டும். இரண்டு ஏக்கர் வரை வடியும் இடத்துக்கு 1.5 மீட்டர் அகலம், நடுவில் 30 செ.மீ. ஆழம், விரிந்த கிண்ண வடிவம் போதும். செங்குத்தான இடங்களில் அரை மீட்டர் இறக்கத்துக்கு ஒரு கல் தடுப்பு வையுங்கள்.

இங்கே மூன்று இடத்தில் கெடும். ஒன்று, கண்மட்டத்தில் பார் பிடிப்பது. நடுவில் ஒரு பள்ளம் இருந்தால் எல்லாச் சாலின் நீரும் அங்கே சேர்ந்து ஒரு பாரை உடைக்கும்; அது கீழ்ப்பாரை உடைக்கும்; மேலிருந்து கீழாகப் போட்டதைவிட மோசமான ஓடை ஒன்று விழும். குறுக்குப் பாருக்குக் கெட்ட பெயர் வந்தது பெரும்பாலும் இதனால்தான். இரண்டு, புல் வேர் பிடிக்கும் முன்பே வடிகாலில் தண்ணீரைத் திருப்புவது. ஒரு போகம் முன்னதாகப் புல் போட்டுவிடுங்கள். மூன்று, வடிகாலையே நடைபாதையாகவோ வண்டிப்பாதையாகவோ ஆக்கிவிடுவது.

காலமும் சேர்ந்தே கெடுக்கிறது. கார்போக உருளைக்கு மண்ணைப் பொடியாக்கி வைக்கும் நாட்களில் ஏப்ரல், மே கோடைமழை இடியோடு இறங்குகிறது. அறுவடையில் மண்ணைப் புரட்டிப் போடும் நேரத்தில் தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் எந்த வரப்பும் முழுதாகக் காப்பாற்றாது. ஆனால் ஆண்டின் மற்ற நாட்களில் மண்ணை மூடி வைப்பது பெரிதாகக் காப்பாற்றும். அறுவடை முடிந்த நிலத்தை வெறுமையாக விடாமல் ஓட்ஸோ கடுகோ தூவிவிடுங்கள். கோஸ் இலை, கேரட் தழை ஆகியவற்றைச் சரிவுக்குக் குறுக்கே பரப்புங்கள். மழைத்துளி நேராக மண்ணில் விழாவிட்டால் அரிப்பின் முதல் வேலையே நடக்காது.

அறிகுறி: படித்தளத்தின் விளிம்பு இடிகிறது, கீழ்த்தளத்தில் மண் குவிகிறது

தளத்தின் உள் ஓரத்திலும் வெளி விளிம்பிலும் டியூப் லெவலை வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் தாழ்ந்திருந்தால் காரணம் அதுதான். ஆண்டுதோறும் கொத்தும்போது மண் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுபட்டிருக்கிறது. 4 மீட்டர் அகலத் தளத்தில் உள் ஓரம் 10 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். உள் ஓரத்தில் ஒரு சிறு வாய்க்கால், விளிம்பில் 20 செ.மீ. வரப்பு. திருத்தும்போது முதலில் மேல்மண்ணை 15 செ.மீ. வழித்து ஒதுக்கி வைத்து, அடிமண்ணை வெட்டி நிரவி, பிறகு மேல்மண்ணைத் திரும்பப் பரப்புங்கள். இந்த வரிசை தவறினால் மூன்று நான்கு போகம் விளைச்சல் படுக்கும். அடுத்தவர் யாரும் திருத்த முன்வரமாட்டார்.

தளச் சுவரை மண்வெட்டியால் சுத்தமாகச் செதுக்கும் பழக்கம் பார்க்க அழகு, சுவருக்குக் கேடு. புல் இருக்கட்டும், மேலே அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். வெட்டிவேர் நல்ல பிடிப்புத் தரும், ஆனால் உறைபனி விழும் பள்ளங்களில் மந்தமாகத்தான் வளரும். அங்கே உள்ளூர்த் தூர்ப்புல் மேல். கிக்குயு புல்லைத் தவிர்க்கலாம், பாத்திக்குள் ஊர்ந்துவிடும்.

அறிகுறி: வண்டல் குழி நிரம்புகிறது, புல் பட்டையும் இருக்கிறது, ஆனாலும் கீழே பச்சை

ஓடிவரும் மண்ணைப் பிடிக்க வெட்டிய குழிதான் வண்டல் குழி. அதில் நின்றதைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் மணல். களி மேலே வழிந்து போயிருக்கிறது. மேலே சொன்ன பன்னிரண்டு நாள் கணக்கு குழிக்கும் பொருந்தும். ஒரு மழை நேரத்தில் எந்தக் குழியும் களியைப் படியவைக்காது. குழியை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது அளவுகோல், மணலைப் பிடிக்கும், எங்கே அரிக்கிறது என்று காட்டும். மணிச்சத்தை நிறுத்தும் கருவி என்று நம்பினால்தான் தவறு. களியை நகராமல் வைக்கக் கூடிய ஒரே இடம் தோட்டம்.

குழியில் அள்ளிய மண்ணை எங்கே போடுவது? அது வந்த தோட்டத்திலேயே, வேறு தோட்டத்தில் கூடாது. உருளையைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961-ல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. அதன் கூடுகள் மண்ணோடு பயணித்துப் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். இலவச வண்டல் என்று வாங்கிப் போட்டால் நூற்புழுவையும் வாங்கிப் போட்டதாகும்.

புல் பட்டையை, அதாவது வழிந்து வரும் நீரின் மண்ணைத் தடுக்க வளர்த்த புல் வரிசையை, மழையில் போய்ப் பாருங்கள். தண்ணீர் விரிந்து மெல்லப் போனால் அது வேலை செய்கிறது. ஒரே இடத்தில் கூடிப் புல்லைப் படுக்கவைத்துப் பாய்ந்தால் பட்டை இருந்தும் இல்லாததுபோல்தான். படுத்த இடத்துக்கு மேலே கல்லையோ மரக்கட்டையையோ மட்டமாகப் பதித்து நீரைப் பரப்பிவிடுங்கள். பட்டையின் மேல் ஓரத்தில் மண் சேர்ந்து மேடாகிவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் ஓடி ஒரு வாயைத் தேடிக்கொள்ளும்; ஆண்டுக்கு ஒரு முறை அந்த மேட்டை வழித்து மேலே வீச வேண்டும்.

அறிகுறி: மண் நின்றுவிட்டது, பாட்டில் தெளிவாக இருக்கிறது, பச்சை மட்டும் குறையவில்லை

இந்த நிலையில்தான் பலர் மனம் தளர்ந்து, செய்த வேலையெல்லாம் வீண் என்று விட்டுவிடுகிறார்கள். வீணில்லை, மணிச்சத்து குளத்துக்கு வர மிஞ்சிய வழிகள் மூன்று உண்டு.

முதலாவது, மேலே தூவிய உரம். உழவைக் குறைத்து அரிப்பைத் தடுத்தாலும், டிஏபி-யையோ காம்ப்ளெக்ஸையோ கோழி எருவையோ மண்ணின் மேலேயே விட்டால், மணிச்சத்து மண்ணில் ஏறாமல் நேராகத் தண்ணீரில் கரைந்து போகும். அது முழுவதும் பாசிக்கு உடனே எட்டும் வடிவம். அமெரிக்காவின் ஈரி ஏரியில் இதைத்தான் பார்த்தார்கள். மாமீ ஆற்றுப் படுகையில் உழவில்லா வேளாண்மை பரவி மண் இழப்பு குறைந்தது. கரைந்த பாஸ்பரஸோ 1990-களின் நடுவிலிருந்து கூடியது. மேலே தூவும் உரம் அதற்கான காரணங்களில் ஒன்று. 2014 ஆகஸ்டில் நீலப்பச்சைப்பாசி நஞ்சால் டொலிடோ நகரப் பகுதியில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குழாய் நீரைக் குடிக்க முடியாமல் போனது.

50 கிலோ டிஏபி மூட்டையில் 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. அதை விதைக்கு 5 செ.மீ. பக்கத்தில், 5 செ.மீ. ஆழத்தில் வைத்து மூடுங்கள். கோழி எருவில் டன்னுக்குப் பத்து கிலோ அளவில் பாஸ்பரஸ் உண்டு. சாலையோரம் கொட்டி வைத்து மழையில் நனையவிட்டால் அந்தக் குவியலே ஓடைக்கு உரம் போடுகிறது. ஓடையிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, சமதரையில், தார்பாய் மூடி, மேல்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி வையுங்கள். பரப்பிய அன்றே மண்ணில் கலந்துவிட வேண்டும். இரண்டு நாளில் மழை என்றால் பரப்பவே வேண்டாம்.

மண் பரிசோதனையும் இங்கேதான் கைகொடுக்கும். அமில மண்ணுக்குப் பிரே முறையில் மணிச்சத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். ஓல்சன் முறை சுண்ணாம்பு மண்ணுக்கு உருவானது. அளவு அதிகம் என்று வந்தால் அடுத்த போகத்துக்கு எவ்வளவு குறைக்கலாம் என்று அங்கேயே எழுதி வாங்குங்கள். கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே இருந்தால் டோலமைட் போட, கட்டுண்ட மணிச்சத்து பயிருக்குக் கொஞ்சம் விடுபடும். உருளைக்கு முன் போடாதீர்கள், சொறி நோய் கூடும். கோஸுக்கோ பீட்ரூட்டுக்கோ முன் போடுங்கள்.

இரண்டாவது, குளத்தின் அடிச்சேறு. பல ஆண்டுகளாக வந்த களி அங்கே படிந்து கிடக்கிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்பு தன் பிடியை விடும், மணிச்சத்து மேலே வரும். மேலிருந்து வரத்து நின்ற பின்பும் சில ஆண்டுகள் பச்சை தொடர இதுவே காரணம். சிறு குளமென்றால் கோடையில் வற்றவிட்டு, மேலே உள்ள கருஞ்சேற்றை 20 முதல் 30 செ.மீ. அள்ளுங்கள். கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் அது திரும்பக் குளத்துக்குள். மேலே உள்ள வரத்தை நிறுத்தாமல் தூர் வாருவது அடுத்த ஐந்தாண்டில் மறுபடி தூர் வாருவதற்கான ஏற்பாடுதான். பெரிய நீர்த்தேக்கங்களில் விவசாயிகளால் சேற்றைத் தொட முடியாது. வரத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, சாக்கடை. மழையில்லாத கோடையிலும் பச்சை அதே அளவு இருந்தால், அது தோட்டத்து வரவாக இருக்க வாய்ப்புக் குறைவு. வீடுகள், விடுதிகளின் கழிவுநீர் சேருமிடத்தைத் தேடுங்கள். விவசாயி மேல் பழியைப் போட்டுவிட்டு இதை விட்டுவிடுவது நியாயமும் இல்லை, பயனும் இல்லை.

அறிகுறி: ஊற்றிலும் கிணற்றிலும் நைட்ரேட் கூடுகிறது

இதற்கும் மண் அரிப்புக்கும் நேரடித் தொடர்பில்லை. நைட்ரேட் மண்ணைப் பற்றாது, நீரோடு கீழே இறங்கிவிடும். படித்தளமும் குறுக்குப் பாரும் இதைக் குறைக்கா. நீர் அதிகம் உள்ளிறங்குவதால் சற்றுக் கூட்டவும் செய்யலாம். குறைக்கும் வழி உரத்தில்தான் இருக்கிறது: தழைச்சத்தை (நைட்ரஜனை) ஒரே தடவையில் போடாமல், பாதியை அடியுரமாகவும் மீதியை மண் அணைக்கும்போதும் பிரித்துப் போடுங்கள், அறுவடைக்குப் பின் தூவும் ஓட்ஸ் மிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

சோதனைத் தாளில் படிக்கும்போது அலகைக் கவனியுங்கள். குடிநீருக்கான இந்திய வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட். சில தாள்கள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும். அதில் 10 என்றாலே ஏறக்குறைய இந்த 45 தான். 10-ஐப் பார்த்து நிம்மதியடைந்து அதே தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைக்காதீர்கள். கொதிக்கவைத்தாலும் நைட்ரேட் போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.